கோட்டுக்கு நேர் எதிரே

"அவுட்!"

கையை நீட்டி அவன் அப்படிச் சொன்னதும், அடிப்பதற்காக ஓங்கிய செண்டைக் கோல்கள் அந்தரத்திலேயே நின்றுவிட்டன. விசில் நின்றது. கடலை கொறிக்கும் சத்தம்கூட நின்றது. நிற்காதது செண்பகவல்லியின் வாய் மட்டும்தான்.

"அவுட்டா? எது அவுட்? கோட்டு மேலயாக்கும் விழுந்தது! என் கண்ணால பாத்தேன்!"

பக்கத்து நாற்காலியிலிருந்த ஷிஜா அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். "எடீ, இரிக்கெடீ... எல்லாரும் நோக்குறாங்க."

நோக்கட்டுமே! பந்து விழுந்த இடம் இவர்களுக்குப் பத்தடி தூரம்கூட இல்லை. எதிர்முனையில், அதே கோட்டின் அந்தக் கடைசியில், வெள்ளைத் தொப்பியும் நீலச் சட்டையுமாக உட்கார்ந்திருந்த லைன்ஸ்மேனுக்குத் தெரிந்தது இவளுக்குத் தெரியாதா?

உயரமான நாற்காலியிலிருந்த அம்பயர் அவனை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவன் தலையாட்டினான். அவ்வளவுதான். புள்ளி பெங்களூர் அணிக்குப் போயிற்று. புள்ளியோடு கேம் போயிற்று. கேமோடு அன்றைய ஆட்டமே போயிற்று. இருபத்து நாலுக்கு இருபத்து மூன்று... ஒரே ஒரு கேம்!

உள்ளதைச் சொன்னால், நாலு நாளைக்கு முன்பு வரை டென்னிஸ் என்றாலே செண்பகாவுக்குக் கொட்டாவிதான் வரும். டிவியில் யாரோ இரண்டு பேர் மணிக்கணக்காக அடித்துக்கொள்வார்கள். பார்ப்பவர்கள் தும்மினால்கூட அம்பயர் முறைப்பார். 'ஐந்து ஊர் அணிகள் மோதும் லீக், நம்ம ஊருக்கு முதல் தடவையா வருது' என்று ஷிஜா பாஸோடு வந்து நின்றபோது, தோழிக்காகத்தான் மூக்கால் அழுதுகொண்டு கிளம்பினாள்.

வந்து பார்த்தால்... இது வேறு டென்னிஸ்! ஆணும் பெண்ணும் ஒரே அணி. ஒற்றையர், இரட்டையர், கடைசியில் ஆணும் பெண்ணும் சேர்ந்தாடும் கலப்பு இரட்டையர் என்று ஐந்து செட். ஒவ்வொரு செட்டிலும் எடுத்த கேம்களைக் கூட்டிக்கொண்டே போவார்கள். ஆகவே, ஆறுக்கு நாலு என்று தோற்று வந்தவள்கூட அந்த நாலு கேமை அணிக்குக் கொடுத்துவிட்டுத்தான் வருகிறாள். தோற்று வந்த பெண்ணை மற்ற மூன்று பேரும் கட்டிப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போனதை முதல் நாளில் பார்த்ததும் செண்பகா தன்னை அறியாமல் கை தட்டினாள். கத்தலாம், விசிலடிக்கலாம். கேமுக்குக் கேம் செண்டை மேளம்! உள்ளூர் அனந்தபுரி அணியின் பச்சைச் சட்டைக்காக அவளும் பச்சைத் துப்பட்டா போட்டுக்கொண்டு வந்தாள். மூன்றாம் நாளில் அவள் குரலைக் கேட்டுச் செண்டைக்காரர்களே திரும்பிப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள்.

பழி எல்லாம் மழை மேல்தான் போட வேண்டும். ஐப்பசி மாதத்தில், மத்தியானம் தவறாமல் இடி இடிக்கிற திருவனந்தபுரத்தில், திறந்தவெளியில் டென்னிஸ் வைத்த புண்ணியவான் நிச்சயமாக வறண்ட ஊர்க்காரன். அந்தக் கடைசிப் புள்ளிக்கு ரேஷ்மி பந்தை மேலே போட்டபோதுதான் முதல் தூறல் விழுந்தது. ரேஷ்மி இந்த ஊர்ப் பெண், பத்தொன்பது வயது. ஆறேழு அடிகளுக்குப் பிறகு அவள் மூலையைப் பார்த்து அடித்த பந்து, கோட்டின் வெள்ளையைத் தொட்டுக்கொண்டு விழுந்தது. தொட்டதைச் செண்பகா பார்த்தாள். சத்தியமாகப் பார்த்தாள்.

ஆட்டம் முடிந்து மழை வலுத்தது. எல்லோரும் தார்ப்பாய்க் கொட்டகைக்கு அடியில் ஒதுங்கினார்கள். பாலில்லாத கட்டன் சாயா ஆவி பறந்துகொண்டிருந்தது. டீக் கிளாஸோடு ஓரமாக நின்ற நீலச் சட்டையைக் கண்டதும் செண்பகா நேரே போய் நின்றாள். ஷிஜா 'வேண்டாம்டீ' என்று சொல்லி முடிப்பதற்குள் போய்விட்டாள்.

"சாரே, உங்களுக்குக் கண்ணு தெரியுமா?"

அவன் திரும்பினான். மாநிறம். மழையில் நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. அவளைக் கண்டதும் கையிலிருந்த டீ லேசாகத் தளும்பியது. 'பயம்!' என்று நினைத்துக்கொண்டாள் அவள்.

"தெரியும்," என்றான் மெதுவாக.

"பின்ன, கோட்டு மேல விழுந்த பந்து எப்படி அவுட்டாச்சு?"

"கோடு பாக்கிறது என் தொழிலாக்கும், மேடம். நான் சர்வேயர். ஆறு வருஷமா வித்துரா பக்கம் நிலம் அளக்குதேன்."

"அய்யோ பாவம்! அங்க எத்தனை பேரு நிலத்தை வேலிக்கு வெளிய தள்ளினீங்களோ!"

டீ குடித்துக்கொண்டிருந்த நாலு பேர் சிரித்துவிட்டார்கள். அவன் முகம் கறுத்தது. பத்துப் பேர் நடுவில் சிரிப்புக்கு ஆளாகிவிட்டால் ஆண்பிள்ளைக்கு புத்தி எங்கே நிற்கும்?

"கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டு இருந்தவங்க நீங்க. அந்தக் கட்டிக் கண்ணாடி இல்லாம எதிர்ல யானை நின்னாலும் உங்களுக்குத் தெரியாது. நீங்க என் கண்ணைப் பத்திப் பேசுதீங்களா?"

சொன்னவுடனே அவன் முகம் மாறிவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டான். "இல்ல... நான் அப்படி..." என்று ஏதோ தொடங்கினான். ஆனால் வில்லிலிருந்து போன அம்பு திரும்புமா?

செண்பகா மூக்கில் இறங்கியிருந்த கண்ணாடியை விரலால் மேலே தள்ளினாள். திரும்பி நடந்தாள். கொட்டகை வாசலில், பார்வையாளர்கள் கருத்தை எழுதிப் போட ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். ஒரு தாளை எடுத்து எழுதினாள்: 'மேற்குக் கோட்டு லைன்ஸ்மேனுக்குப் பார்வைக் கோளாறு. உடனே கண் பரிசோதனை செய்யவும்.' கீழே கையெழுத்து. அதற்கும் கீழே, பழக்கதோஷத்தில், வேலை பார்க்கும் கடையின் பெயரும் சாலை பஜார் முகவரியும்!

ஆமாம், அவள் வேலையே அதுதான். அப்பா தங்கப்பன் வைத்திருக்கும் கண்ணாடிக் கடையின் பின்னறையில், வருகிறவர்களின் கண்ணைப் பரிசோதித்து பவர் எழுதிக் கொடுப்பாள். அதற்கென்று மதுரையில் இரண்டு வருஷம் படித்தவள். ஊரார் கண்ணுக்கெல்லாம் கண்ணாடி கொடுப்பவளின் சொந்தக் கண் மைனஸ் ஏழு. ஆறாம் வகுப்பிலிருந்தே சோடாபுட்டி என்ற பட்டம். அது பழகிவிட்டது. பழகாதது வேறொன்று.

போன வருஷம் அவளைப் பெண் பார்க்க நாகர்கோவிலிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. "கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு வா மக்களே, அஞ்சு நிமிஷம்தானே," என்று அம்மா சிவகாமியம்மாள் கெஞ்சினாள். கழற்றி வைத்துவிட்டுப் போனாள். எதிரில் இருந்தவர் ஒரு வெள்ளைச் சட்டை, அதற்கு மேலே ஒரு மங்கல். காபித் தம்ளரை எங்கே வைப்பதென்று தெரியாமல் மேசை ஓரத்தில் வைத்தாள். அது மாப்பிள்ளை மடியில் விழுந்தது. அதற்கு முன் வந்தவரும் அப்படித்தான், ஒரு மங்கல். இரண்டு இடமும் 'அப்புறம் சொல்லுதோம்' என்று போயிற்று. அந்த இரண்டு பேரும் இன்றைக்குக் கடைக்கு வந்து நின்றாலும் அவளுக்கு அடையாளம் தெரியாது. அன்றோடு அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள்... தன்னை யாரும் பார்க்கப் போவதில்லை. பார்த்தால் கண்ணாடியைத்தான் பார்ப்பார்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஆட்டம் இல்லை. அப்பா வெளியே போயிருந்தார். பதினொரு மணிக்குக் கடை வாசலில் குடையை மடக்கிக்கொண்டு வந்து நின்றவனைப் பார்த்ததும் அதே கடையில் பில் போடும் ஷிஜா, கல்லாவிலிருந்தே, "எடீ செண்பகே... நின்டெ அவுட்டு வந்நு!" என்று கூவினாள்.

அவன் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினான். லைன்ஸ்மேன்களுக்கெல்லாம் தலைமை ரத்னாபாய் டீச்சர், ஓய்வு பெற்ற விளையாட்டு ஆசிரியை. புகார்த் தாளை டீச்சர் படித்திருக்கிறாள். 'அதே கடையில் பரிசோதித்துச் சான்றிதழ் கொண்டு வா. இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை நீ கோட்டில் உட்கார வேண்டாம்.' லீக்கோடு மற்ற நாலு ஊர்களுக்கும் போக ஒரே ஒரு உள்ளூர் லைன்ஸ்மேனைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்களாம். இவன் பெயர்தான் முதலில் இருந்ததாம். இப்போது அந்தப் பெயர் செண்பகாவின் பேனா முனையில் நிற்கிறது.

"உள்ள வாங்க," என்றாள். தொழில் வேறு, கோபம் வேறு. "பேரு?"

"மகாராஜா."

பேனா நின்றது. "எந்த ஊருக்கு?"

"போனக்காடு எஸ்டேட்டுக்கு. அப்பா அங்க தேயிலை ஃபாக்டரில. நாடு, படை ஒண்ணும் இல்ல."

சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்து உள்ளேயே வைத்துக்கொண்டாள்.

இடது கண்ணை மூடச் சொன்னாள், வலது கண்ணை மூடச் சொன்னாள். பலகையின் கடைசி வரி எறும்பு வரிசை மாதிரி இருக்கும். அதை அவன் தடுக்காமல் வாசித்தான். அதற்கும் கீழே, ஓரத்தில் அச்சகத்தின் பெயர் இருப்பதையும் வாசித்தான். அப்படி ஒரு பெயர் அங்கே இருப்பது ஐந்து வருஷமாக அவளுக்கே தெரியாது!

விளக்கை அணைத்தாள். இனி டார்ச்சை வைத்து அருகில் பார்க்க வேண்டும். எத்தனை நூறு கண்களைப் பார்த்திருப்பாள்... கண் என்பது அவளுக்கு ஒரு உறுப்பு, அவ்வளவுதான். ஆனால் இந்தக் கண்ணில் வெளிச்சம் விழுந்ததும் பழுப்பு நிறத்தில் ஓர் ஆழம் தெரிந்தது. நீளமான இமை. வெளியே மழை தகரத்தில் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அவன் மூச்சு விடுவதைக்கூட மறந்தவனாய் உட்கார்ந்திருந்தான்.

"தூரமாப் பாருங்க. அந்தப் பலகையை. என்னைப் பாக்கக் கூடாது."

"சரி," என்றான். கொஞ்சம் பொறுத்து, "முயற்சி பண்ணுதேன்," என்றான்.

அதற்கு என்ன அர்த்தம்? அவன் காது மடல் ஏன் இப்படிச் சிவக்கிறது? அவள் அவசரமாக எழுந்து விளக்கைப் போட்டாள்.

சான்றிதழில் இரண்டு கண்ணுக்கும் எழுதினாள்: ஆறுக்கு ஆறு. குறை என்று ஒரு புள்ளிகூட இல்லை. கோபத்துக்காகப் பொய் எழுத அவளுக்குக் கை வராது.

"உங்க கண்ணுல ஒரு குறையும் இல்ல," என்று தாளை நீட்டினாள். "அதுதான் எனக்கு மனசிலாவல. இந்தக் கண்ணுக்கு அந்தப் பந்து எப்படித் தெரியாமப் போச்சு?"

அவன் தாளை வாங்கிக்கொண்டான். நாலாக மடித்துப் பையில் வைத்தான்.

"கண்ணாடியைப் பத்தி அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அதுக்கு மன்னிச்சிருங்க," என்றான் கடைசியில்.

"பந்து?"

அவன் குடையை விரித்துக்கொண்டு மழைக்குள் போய்விட்டான். தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் மகாராஜாவின் கிரீடம் இறங்கிவிடுமோ! அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஆத்திரத்துக்கு நடுவே அந்தப் பழுப்புக் கண்ணும் வந்தது. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் வலியசாலை வீட்டு வாசலில் இறங்கும்போது ஒரு சாரல் வந்து கண்ணாடியில் அடித்தது. கழற்றினாள். துப்பட்டா நுனியால் துடைத்தாள். துடைத்துக்கொண்டிருந்த கை நின்றுபோயிற்று.

'கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டு இருந்தவங்க நீங்க...'

எப்போது துடைத்தாள்? ரேஷ்மி பந்தை மேலே போட்டபோது தூறல் விழுந்தது, அப்போது கழற்றினாள். நாலைந்து அடி போகிற நேரம் துடைத்தாள். மாட்டிக்கொண்டு நிமிர்ந்ததும் பந்து கோட்டில் விழுந்தது. சரி. பந்து ஆட்டத்தில் இருக்கும்போது லைன்ஸ்மேன் கோட்டை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. அப்படியிருக்க, இவள் கண்ணாடியைக் கழற்றியது அவனுக்கு எப்படித் தெரியும்?

அவன் கோட்டைப் பார்க்கவில்லை. கோட்டுக்கு நேர் எதிரே, முதல் வரிசையில்... இவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தெருவில் யாரும் இல்லை, ஆனாலும் முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள். அன்று ராத்திரி முழுக்க மனம் ஊஞ்சல்தான். என்னைப் பார்த்தானா... எதற்காக? சோடாபுட்டி வேடிக்கையாக இருந்ததா? அப்படியே பார்த்தாலும், பார்க்காத பந்தை அவுட் என்று சொல்லலாமா? ரேஷ்மி அழுதுகொண்டே போனாளே! பொய் சொல்கிற ஆளிடம் மனம் போனால் அப்புறம் எதை நம்புவது? அவனாகச் சொல்ல வேண்டும். இவள் கேட்டு அல்ல, அவனாக. இல்லையென்றால் அந்தப் பழுப்புக் கண்ணை இத்தோடு மறந்துவிட வேண்டியதுதான்.

ஞாயிறு. அதே பெங்களூர் அணியோடு மறு ஆட்டம். ஜெயித்தால் இறுதிப் போட்டி. மத்தியான மழை அடித்து ஓய்ந்து, கோர்ட்டெல்லாம் தண்ணீர். செண்பகா தன் இடத்துக்கு வந்து எதிர்முனையைப் பார்த்தாள். மேற்குக் கோட்டு நாற்காலியில் வேறொருவன்! நீலச் சட்டை இல்லாமல், சாதாரண வெள்ளைச் சட்டையோடு, பேண்டை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு, வைப்பரால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தான் மகாராஜா.

"நீயாக்கும் புகார் எழுதின பிள்ளை?"

கழுத்தில் விசிலோடு ரத்னாபாய் டீச்சர் நின்றிருந்தாள். செண்பகா எழுந்தாள்.

"டீச்சர், நான் ஆறுக்கு ஆறுன்னுதானே எழுதிக் கொடுத்தேன்! அவரை ஏன் எடுத்தீங்க?"

"நீ எழுதினதைப் பாத்து, நாலு ஊருக்கும் போற லிஸ்ட்ல பேரை எழுதிட்டேன். அவனாக்கும் வேண்டாம்னது. 'டீச்சர், கண்ணு சரிதான். ஆனா அந்தப் பந்தை நான் பாக்கல. பாக்காமலே அவுட் சொல்லிட்டேன்'னு நிக்கான்." டீச்சர் மூச்சை இழுத்து விட்டாள். "பாக்கலைன்னா அதுக்கு ஒரு சைகை இருக்கு பிள்ளே. ரெண்டு கையாலயும் கண்ணை மூடிக் காட்டணும். அம்பயர் முடிவு பண்ணுவார். அதுல ஒரு குறைச்சலும் இல்ல. பாக்காததைப் பாத்தேன்னு சொல்லுதது இருக்கே, அதுதான் குறைச்சல். இந்த வருஷம் கோடு கிடையாது, வைப்பரைப் பிடின்னு சொல்லிட்டேன்."

"அவர்... எதைப் பாத்தாராம்?"

டீச்சர் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பச்சைத் துப்பட்டாவைப் பார்த்தாள், கண்ணாடியைப் பார்த்தாள், எதிரே நேராக ஓடும் கோட்டைப் பார்த்தாள்.

"நானும் கேட்டேன். 'அதை உங்ககிட்ட சொல்லுதது முறையில்ல டீச்சர், சொல்ல வேண்டிய ஆளு வேற'ன்னான்," என்று சொல்லிவிட்டு, ஒரு சிரிப்பை விசிலுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு போனாள்.

கோர்ட் காய்ந்து ஆட்டம் ஆரம்பித்தது. வைப்பரைச் சாத்தி வைத்துவிட்டு அவன் வேலி ஓரமாக நின்றான். செண்பகா பார்த்தாள். அவனும் பார்த்தான். யார் முதலில் இறங்கி வருவது என்று இரண்டு பேரும் நின்றால் இந்தக் கதை முடியாது. ஷிஜாவுக்குத்தான் அது புரிந்தது.

"பழம்பொரி வாங்கிட்டு இப்ப வரேன்," என்று எழுந்தவள், நேரே அவனிடம் போய் ஏதோ சொல்லித் தன் நாற்காலியைக் காட்டிவிட்டுக் காணாமல் போனாள். பழம்பொரி பொரித்து எடுக்க அன்றைக்கு மூன்று செட் நேரம் ஆயிற்று!

அவன் வந்து உட்கார்ந்தான். நடுவில் ஒரு சாண் இடைவெளி. இரண்டு பேரும் ஆட்டத்தையே பார்த்தார்கள்.

"டென்னிஸ் இப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது," என்றான் திடீரென்று.

"என்னது? எத்தனை ஆட்டத்துல உக்காந்திருக்கீங்க?"

"நாப்பது இருக்கும். லைன்ஸ்மேன் ஆட்டம் பாக்கக் கூடாதுல்லா... கோடு மட்டும்தான். பந்து வரும், போகும். யாரு அடிச்சா, எப்படி அடிச்சா, ஒண்ணும் தெரியாது. கை தட்டக் கூடாது, சிரிக்கக் கூடாது. பின்னால எல்லாரும் ஹோன்னு கத்தும்போது, என்னவோ நல்லா நடந்திருக்குன்னு நினைச்சுக்குவேன்."

அவளுக்குப் பாவமாகப் போயிற்று. விருந்துக்கு வந்தவனை இலையைப் பார்க்காமல் விளிம்பை மட்டும் பாரு என்றால் எப்படி? கடலைப் பொட்டலத்தை நடுவில் வைத்தாள். "இப்போ கத்துங்க. ரேஷ்மி செர்வீஸ்."

"எப்படிக் கத்தணும்?"

"மகாராஜான்னு பேரை வச்சுக்கிட்டு கத்தத் தெரியாதா? வாயைத் திறந்தாப் போதும், அதுவா வரும்."

முதலில் வெறும் காற்றுதான் வந்தது. பிறகு வந்தது பாருங்கள் ஒரு குரல்... போனக்காட்டு மலையில் ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்குக் கூப்பிட்டுப் பழகிய குரல்! வரிசையே திரும்பியது. செண்டைக்காரர்கள் இவனுக்காக ஒரு தனி அடி அடித்தார்கள். அவன் வெட்கப்பட்டான். அடுத்த கேமில் மறுபடியும் கத்தினான்.

ஐந்தாவது செட். கலப்பு இரட்டையர். மொத்தக் கணக்கு இருபத்து மூன்றுக்கு இருபத்து மூன்று. ஜெயிப்பதும் தோற்பதும் ஒரே கேமில். எல்லோரும் எழுந்து நின்றார்கள். ரேஷ்மி அடித்தாள்... அதே மூலை! வியாழக்கிழமை விழுந்த அதே வெள்ளை! பந்து கோட்டை உரசிக்கொண்டு ஓடியது.

எதிர்முனையில் புது லைன்ஸ்மேன் வாயைத் திறக்கவில்லை. குனிந்து, இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துத் தரையை நோக்கி விரித்தான்.

"அப்படின்னா?" செண்பகா மகாராஜாவின் கையைப் பிடித்து உலுக்கினாள். பிடித்தது தெரியவில்லை.

"உள்ளன்னு அர்த்தம். அவுட்டுக்குத்தான் வார்த்தை உண்டு. உள்ள விழுந்தா வார்த்தை கிடையாது, கைதான்."

அப்புறம் எழுந்த சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. செண்டைச் சத்தம் காதைப் பிளந்தது. ரேஷ்மியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். செண்பகா குதித்தாள். மகாராஜா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கித் தட்டினான், தட்டிக்கொண்டே இருந்தான். நாற்பது ஆட்டத்துக்கும் சேர்த்துத் தட்டினான் போலிருக்கிறது.

கூட்டம் மெல்லக் கலைந்தது. இரண்டு பேரும் அந்த நாற்காலிகளை விட்டு எழவில்லை. மறுபடியும் ஒரு தூறல், அன்றைக்குப் போலவே.

"நாலு ஊருக்குப் போற வாய்ப்பு போச்சே," என்றாள்.

"போகட்டும். நீங்க உண்மையை எழுதிக் கொடுத்தீங்க. அதைக் கையில வச்சுக்கிட்டு என்னால பொய்யை வச்சிருக்க முடியல." அவன் கோட்டையே பார்த்துக்கொண்டு பேசினான். "முதல் நாள்லருந்தே சரியில்ல. கோட்டைப் பாத்தா கோட்டுக் கடைசியில நீங்க. மூணு நாளு எப்படியோ சமாளிச்சேன். அன்னைக்கு மழை விழுந்ததும் கண்ணாடியைக் கழட்டிட்டு வானத்தைப் பாத்துச் சிரிச்சீங்க. அவ்வளவுதான்... பந்து எங்க போச்சுன்னு தெரியல. கண்ணை மூடிக் காட்டியிருக்கணும். காட்டினா, எதைப் பாத்தேன்னு ஊருக்கே தெரிஞ்சிரும்னு ஒரு பயம்."

செண்பகா கண்ணாடியைக் கழற்றினாள். உலகம் கரைந்தது. பச்சை ஒரு மங்கல், வானம் ஒரு மங்கல், பக்கத்தில் ஒரு வெள்ளைச் சட்டை.

"இதையா பாத்தீங்க?"

வெள்ளைச் சட்டை ஏதோ அசைந்தது.

"கையால காட்டினா எனக்குத் தெரியாது, சர்வேயர் சார். மைனஸ் ஏழு. வாயால சொல்லணும்."

"ஆமா," என்றது குரல், மிக அருகில். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, செண்பகவல்லி. கண்ணாடி இல்லாமயும்... கண்ணாடியோடயும். எங்க வீடு எஸ்டேட் தொழிலாளிங்க இருக்கிற லயத்துலதான். உங்க அப்பாகிட்ட வந்து நின்னா என்ன சொல்லுவாரோ தெரியல. ஆனா வந்து நிப்பேன்."

அப்பா என்ன சொல்லுவார் என்று அவளுக்குத் தெரியும். அம்மா என்ன சொல்லுவாள் என்றும் தெரியும். லேசான ஆட்டம் இல்லை அது. ஐந்து செட்டும் போகும். போகட்டும்... ஒவ்வொரு கேமாக எடுத்துக்கொள்ளலாம்.

கண்ணாடியைத் துப்பட்டாவில் துடைத்தாள். நிதானமாக, ஒரு துளியும் மிச்சமில்லாமல் துடைத்து மாட்டிக்கொண்டாள். பெண் பார்க்க வந்த இரண்டு முகத்தையும் அவள் பார்த்ததில்லை. இந்த முகத்தைப் பார்த்தாள். நெற்றியில் ஒட்டிய முடி, இடது புருவத்தில் ஒரு சின்னத் தழும்பு, மழைத்துளி தொங்கும் இமை, பதிலுக்காகப் பயந்து நிற்கும் அந்தப் பழுப்புக் கண்... எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

"நீங்க ஒண்ணும் சொல்லலையே?" என்றான்.

அவள் கையிலிருந்த கடலைத் தோலைத் தட்டிவிட்டாள். குனிந்து, இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துத் தரையை நோக்கி விரித்தாள்.

அவனுக்கு அது நன்றாகவே தெரிந்தது. ஆறுக்கு ஆறு என்று எழுதிக் கொடுத்தவளே அவள்தானே!